ராக்கெட் யாருடையது, நஷ்டம் யாருடையது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நாசா, இஸ்ரோ, தனியார் ராக்கெட் கம்பெனிகள் பற்றியவை. அதனால் சினிமாவும் கிரிக்கெட்டும் அடுத்த இதழுக்குத் தள்ளிவைக்கப்படுகின்றன. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வங்கி ஊழியர், திருச்சி: அப்பல்லோ காலத்தில் எல்லாவற்றையும் நாசாவே செய்தது. இப்போது எதற்கெடுத்தாலும் தனியார் கம்பெனி. நம் ஊரில் பொதுத்துறை நிறுவனங்களை விற்கிறார்களே, அது போலத்தானே இதுவும்?

அப்பல்லோவையும் நாசா தனியாகச் செய்யவில்லை சார். சாட்டர்ன் 5 ராக்கெட்டின் முதல் அடுக்கு போயிங், இரண்டாவது நார்த் அமெரிக்கன், மூன்றாவது டக்ளஸ். நிலவில் இறங்கிய கலத்தைக் கட்டியது கிரம்மன். இதற்கெல்லாம் முன்பே, 1962-இல், ஏடி அண்ட் டி கம்பெனி தன் டெல்ஸ்டார் செயற்கைக்கோளை நாசாவுக்குப் பணம் கட்டித்தான் மேலே அனுப்பியது. தனியார்கள் எப்போதும் உள்ளேதான் இருந்தார்கள், ஒப்பந்தம் எழுதுகிற விதம்தான் மாறியிருக்கிறது.

வீடு கட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். "ஆகிற செலவையெல்லாம் கொடுத்துவிடுங்கள், அதற்கு மேல் என் கூலி" என்கிற மேஸ்திரி ஒரு ரகம். "சதுர அடிக்கு இவ்வளவு, சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறேன்" என்கிறவர் இன்னொரு ரகம். முதல் ரகத்தில் வேலை இழுக்க இழுக்க வீட்டுக்காரர் பணம்தான் கரையும், மேஸ்திரிக்கு அவசரமே இருக்காது. நாசா பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலும் இந்த முதல் ரகத்தில்தான் வேலை கொடுத்தது. 'காஸ்ட் பிளஸ்' என்பார்கள். அந்த முறையில் வளர்ந்த, நிலவுக்கு ஆள் அனுப்புவதற்கான எஸ்.எல்.எஸ். ராக்கெட்டையும் ஓரியன் கலத்தையும் ஒரு தடவை ஏவ 410 கோடி டாலர் ஆகும் என்று 2022-இல் நாசாவின் தணிக்கை அலுவலகமே கணக்குச் சொன்னது. உருவாக்கிய செலவு அதில் சேர்த்தி இல்லை!

இரண்டாவது ரகத்தில் விலையை முன்பே பேசி முடித்துவிடுவார்கள், அதைத் தாண்டினால் கம்பெனியின் கைக்காசு. கலமும் கம்பெனியின் சொத்தாகவே இருக்கும், நாசா பயணத்தை மட்டும் காசு கொடுத்து வாங்கும். பொதுத்துறை விற்பனையோடு இதைச் சேர்க்க முடியாது, ஏனென்றால் இங்கே அரசு வாங்குகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பொறியியல் மாணவி, கோவை: ஸ்பேஸ்எக்ஸை வளர்த்துவிட்டதே நாசாதான் என்கிறான் என் அண்ணன். எலான் மஸ்க் சொந்த முயற்சியில் சாதித்தார் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

அண்ணனுக்கு முக்கால், உங்களுக்குக் கால்.

2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்ணோடம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். விண்ணோடங்களுக்கு ஓய்வு கொடுத்துவிடுவது என்று அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு முடிவெடுத்தது. சரி, மேலே கட்டிக்கொண்டிருக்கிற சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சாப்பாடும் தண்ணீரும் உதிரி பாகங்களும் யார் கொண்டுபோவது? அப்போதைய நாசா தலைவர் மைக்கேல் கிரிஃபின் சுமார் 50 கோடி டாலரை ஒதுக்கி, தனியார் கம்பெனிகளே சரக்குக் கலம் செய்து கொண்டுபோவதற்காக 2006-இல் சி.ஓ.டி.எஸ். என்ற திட்டத்தைத் தொடங்கினார். மேலே சொன்ன 410 கோடியோடு வைத்துப் பார்த்தால் இது சில்லறை.

வேலையைப் படிகளாகப் பிரித்துவிட்டார்கள்: வடிவமைப்பு ஆய்வு, என்ஜின் சோதனை, வெளி முதலீடு வந்ததற்கு அத்தாட்சி, சோதனைப் பறப்பு என்று. ஒரு படி முடிந்தால் அதற்குரிய பணம், முடியாவிட்டால் ஒரு பைசா கிடையாது. மீதிச் செலவைக் கம்பெனி தன் பையிலிருந்தோ வெளியில் திரட்டியோ போட வேண்டும்.

முதலில் தேர்வானவை இரண்டு: ஸ்பேஸ்எக்ஸ், ராக்கெட்பிளேன் கிஸ்லர். இரண்டாவது பெயரை இன்று யாருக்கும் ஞாபகம் இல்லை, எனக்கோ இந்தக் கதையிலேயே பிடித்த பாத்திரம் அதுதான். 20.7 கோடி டாலர் வரை கிடைக்க வேண்டிய ஒப்பந்தம் அது. வெளி முதலீட்டைத் திரட்ட வேண்டிய படியில் கிஸ்லர் தடுக்கி விழுந்தது. 2007 அக்டோபரில் நாசா ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. அதுவரை கொடுத்திருந்தது சுமார் 3.2 கோடி டாலர்தான். மிச்சமிருந்ததில் 17 கோடியை 2008 பிப்ரவரியில் ஆர்பிட்டல் சயின்சஸ் கம்பெனிக்கு ஒதுக்கியது. 'இவ்வளவு கொடுத்தாயிற்றே, இன்னும் கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போமே' என்று இழுக்காமல் ஓர் அரசு அமைப்பு கதவைச் சாத்துவது எவ்வளவு அபூர்வம் என்று ஏதாவது ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். திட்டம் ஜெயித்ததற்கு ஸ்பேஸ்எக்ஸின் திறமை எவ்வளவு காரணமோ அவ்வளவு இந்தக் கண்டிப்பும் காரணம் என்பேன்.

ஸ்பேஸ்எக்ஸின் நிலைமையும் அப்போது ஒன்றும் பிரமாதமாக இல்லை. அதன் முதல் ராக்கெட்டான ஃபால்கன் 1 வரிசையாக மூன்று தடவை தோற்று, 2008 செப்டம்பர் 28-இல் நாலாவது தடவைதான் சுற்றுப்பாதைக்குப் போனது. கஜானா காலியாகிக்கொண்டிருந்த அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், 12 சரக்குப் பயணங்களுக்கு 160 கோடி டாலர் ஆர்டர் நாசாவிடமிருந்து வந்தது. ஆர்பிட்டலுக்கு 8 பயணங்களுக்கு 190 கோடி. ஆர்டர் கொடுத்தபோது சரக்கைத் தூக்க வேண்டிய பெரிய ராக்கெட்டான ஃபால்கன் 9 ஒரு தடவைகூடப் பறந்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள், அது முதலில் பறந்ததே 2010 ஜூனில்தான். 2012 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் சரக்குக் கலம் நிலையத்தைப் போய்ச் சேர்ந்தது. அந்த ஆர்டர் வந்திருக்காவிட்டால் இன்று நாம் ஸ்பேஸ்எக்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போமா என்பதே சந்தேகம். அண்ணனுக்கு முக்கால் கொடுத்தது இதற்குத்தான்.

உங்கள் கால் எங்கே வருகிறது என்றால், ஃபால்கன் 9 போன்ற ராக்கெட்டைப் பழைய முறையில் உருவாக்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று நாசா தன் மதிப்பீட்டு முறையில் கணக்குப் போட்டுப் பார்த்தது. விடை கிட்டத்தட்ட 400 கோடி டாலர். ஸ்பேஸ்எக்ஸ் செலவழித்ததாகச் சொன்னது சுமார் 30 கோடி. அந்த வித்தியாசத்தில் கம்பெனியின் சாமர்த்தியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னொன்று, ஃபால்கன் 9-க்கு நாசா மட்டுமே வாடிக்கையாளர் இல்லை. தொலைத்தொடர்பு செயற்கைக்கோள் கம்பெனிகள் உலகம் முழுவதும் மலிவான ராக்கெட்டுக்காகக் காத்திருந்தன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேறொரு பதிலில் தேவைப்படும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்: இதற்கு எதிர்ப்பே வரவில்லையா?

வந்தது, அதுவும் பெரிய இடத்திலிருந்து. சரக்கு மட்டுமல்ல, வீரர்களையும் தனியார் கலத்தில் அனுப்பலாம் என்று 2010-இல் ஒபாமா அரசு சொன்னபோது, நீல் ஆம்ஸ்ட்ராங்கும் ஜீன் செர்னனும் செனட் குழு முன்பு போய் எதிர்த்துப் பேசினார்கள். நிலவில் முதலில் கால் வைத்தவரும் கடைசியாகக் கிளம்பி வந்தவரும்! அரசியல்வாதிகளின் எதிர்ப்புக்கு வேறு காரணம். பழைய முறை வேலைகள் பல மாநிலங்களில் பரவிக் கிடந்தன. தன் தொகுதியில் இருக்கிற ஆலையை எந்த உறுப்பினர் விட்டுக்கொடுப்பார்?

மருந்துக்கடை உரிமையாளர், விருதுநகர்: சுனிதா வில்லியம்ஸை எட்டு நாள் என்று அனுப்பி ஒன்பது மாதம் மேலேயே உட்கார வைத்துவிட்டார்களே. விலையை முன்பே கட்டிப்போட்டால் தரத்தில்தானே கை வைப்பார்கள்?

நியாயமான பயம்தான், பாதி உண்மையும்கூட. 2014 செப்டம்பரில் வீரர்களை ஏற்றிச்செல்லும் ஒப்பந்தம் இரண்டு கம்பெனிகளுக்குப் போனது: போயிங்குக்கு 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி. ஒரே வேலை, ஆனால் அனுபவசாலிக்குக் கூடுதல் சம்பளம். 2020 மே 30-இல் ஸ்பேஸ்எக்ஸ் இரண்டு வீரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. போயிங்கின் ஸ்டார்லைனரோ 2019 டிசம்பரில் ஆளில்லாமல் போன முதல் பறப்பிலேயே, கடிகாரம் 11 மணி நேரம் தப்பாக ஓடியதால் எரிபொருளை வீணடித்து, நிலையத்துக்குப் போகாமலே திரும்பி வந்தது. மென்பொருளைத் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே ஓட்டமாகச் சோதிக்காமல் துண்டு துண்டாகச் சோதித்திருந்தார்கள். இங்கே உங்கள் பயம் சரி. அதற்கப்புறம் நாசா அதிகாரிகள் ஒப்புக்கொண்ட விஷயம் இன்னும் சுவாரசியமானது: புதுக் கம்பெனி என்று ஸ்பேஸ்எக்ஸைத் துருவித் துருவிப் பார்த்த அளவுக்கு, பழகிய ஆள் என்று போயிங்கைப் பார்க்கவில்லையாம்.

2024 ஜூனில் சுனிதாவும் புட்ச் வில்மோரும் போனபோது ஹீலியம் கசிந்தது, உந்துபொறிகள் சில மக்கர் செய்தன. ஆளை ஏற்றித் திரும்பக் கொண்டுவர வேண்டாம் என்று நாசா ஆகஸ்டில் முடிவு செய்தது. கலம் செப்டம்பரில் காலியாக இறங்கியது, அவர்கள் 2025 மார்ச் 18-இல் ஸ்பேஸ்எக்ஸின் டிராகனில் வந்தார்கள். இந்தத் திட்டத்தில் போயிங் எழுதிக்கொண்ட நஷ்டம் 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பழைய முறையாக இருந்திருந்தால் அந்தப் பில் அமெரிக்க வரிகட்டுபவர் வீட்டுக்குப் போயிருக்கும்.

அதற்காக 'முன்பே பேசிய விலை' என்பது கல்லில் செதுக்கியது என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் போயிங்குக்கு 28.7 கோடி டாலர் கூடுதலாகக் கொடுத்ததைத் தணிக்கை அலுவலகம் 2019-இல் கண்டித்தது. 6 பயணங்கள் என்று இருந்ததை 2025 நவம்பரில் 4 ஆகக் குறைத்துவிட்டார்கள். அடுத்த பயணத்தில் ஆள் வேண்டாம், சரக்கு மட்டும் போதும் என்றும் முடிவு செய்தார்கள்.

தரம் என்று பார்த்தால், சேலஞ்சர், கொலம்பியா என்ற இரண்டு விண்ணோட விபத்துகளும் பழைய முறையில் நடந்தவை. ஒப்பந்தத்தின் வகை உயிரைக் காப்பாற்றாது. இரண்டாவது கம்பெனி ஒன்று இருந்ததுதான் சுனிதாவைக் கொண்டுவந்து சேர்த்தது.

ஐ.டி. ஊழியர், சென்னை: அப்படியானால் இப்போது நாசாவுக்கு ஒரே ஒரு கம்பெனிதானே மிச்சம்? அந்த முதலாளிக்கு ஒரு நாள் கோபம் வந்தால்?

வந்தது! 2025 ஜூன் 5-இல் டிரம்புக்கும் மஸ்க்குக்கும் சமூக ஊடகத்தில் சண்டை முற்றி, டிராகன் கலங்களையே நிறுத்திவிடப்போகிறேன் என்று மஸ்க் எழுதினார். சில மணி நேரத்தில் பின்வாங்கிவிட்டார். ஆனால் நிலையத்துக்கு அமெரிக்கா ஆள் அனுப்பும் ஒரே நம்பகமான வண்டி ஒருவருடைய மூடைப் பொறுத்து இருக்கிறது என்பது அன்று எல்லாருக்கும் உறைத்தது.

நிலவில் வீரர்களை இறக்கும் கலத்திலும் இதே கதை. 2021-இல் பணம் போதவில்லை என்று ஸ்பேஸ்எக்ஸ் ஒன்றை மட்டும் 289 கோடி டாலருக்கு எடுத்தார்கள். போட்டிக் கம்பெனியான ப்ளூ ஆரிஜின் முறையிட்டது, நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 2023-இல் 340 கோடிக்கு அவர்களையும் இரண்டாவதாகச் சேர்த்துக்கொண்டார்கள். முதலிலேயே இரண்டு பேரை எடுத்திருக்கலாம்.

ப்ளஸ் டூ மாணவர், தஞ்சாவூர்: நிலவுக்குப் போகும் தனியார் கலங்கள் கவிழ்ந்து கவிழ்ந்து விழுகின்றன. நம் சந்திரயான்-3 சுமார் 615 கோடி ரூபாயில் அழகாக இறங்கியது. இஸ்ரோவிடமே கொடுத்திருக்கலாமே?

கேட்டுப் பார்க்கலாம், தம்பி! நாசா 2018-இல் தொடங்கிய இந்த நிலவுச் சரக்குத் திட்டத்தில் தோல்வியையும் கணக்கில் சேர்த்துத்தான் காசு போட்டார்கள். கருவிகளைக் கொண்டுபோய் நிலவில் வைக்க வேண்டும், எப்படி என்பது கம்பெனியின் பாடு. 2024 ஜனவரியில் அஸ்ட்ரோபாட்டிக்கின் பெரெக்ரின் எரிபொருள் கசிந்து நிலவுக்கே போகவில்லை. அடுத்த மாதம் இன்ட்யூட்டிவ் மெஷின்ஸின் ஒடீசியஸ் இறங்கிச் சாய்ந்தது. உயரம் அளக்கும் லேசரின் பாதுகாப்புப் பூட்டைத் தரையிலேயே எடுக்க மறந்திருந்தார்கள்! 2025 மார்ச் 2-இல் ஃபயர்ஃபிளையின் ப்ளூ கோஸ்ட் நேராக நின்றது, நிலவின் ஒரு முழுப் பகல் வேலை செய்தது. நாலு நாள் கழித்து இன்ட்யூட்டிவ் மெஷின்ஸின் இரண்டாவது கலமும் சாய்ந்தது.

ஃபால்கன் 9-க்கு வேறு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா? நிலவுக்கு அப்படி யாரும் வரிசையில் நிற்கவில்லை. கிட்டத்தட்ட நாசா ஒன்றுதான். ஒரே வாடிக்கையாளரை நம்பி, போட்டியில் விலையைக் குறைத்துச் சொல்லி ஆர்டர் எடுக்கிற கம்பெனி எத்தனை நாள் தாங்கும்? ஆர்பிட் பியாண்ட் எடுத்த ஆர்டரை 2019-லேயே திருப்பிக் கொடுத்துவிட்டது, மாஸ்டன் 2022-இல் திவாலானது. விண்வெளி உடை தைக்க ஒப்பந்தம் எடுத்த காலின்ஸ் 2024-இல் விலகிக்கொண்டது. அந்த உடையை நாசாவைத் தவிர யார் வாங்குவார்கள்? சந்தை இருக்கிற இடத்தில் இந்த முறை பிரமாதமாக வேலை செய்யும், சந்தையே இல்லாத இடத்தில் அதே ஒப்பந்தப் படிவத்தை நீட்டினால் கம்பெனிகள்தான் காணாமல் போகும். நாசா இதை இன்னும் முழுசாக ஏற்றுக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இல்லத்தரசி, சேலம்: சுபான்ஷு சுக்லா போனது நாசா பயணமா, தனியார் பயணமா?

கலம் ஸ்பேஸ்எக்ஸ், ஏற்பாடு ஆக்சியம் என்ற கம்பெனி, தங்கிய இடம் நாசாவும் மற்ற நாடுகளும் நடத்தும் நிலையம், டிக்கெட் வாங்கியது இஸ்ரோ. சுமார் 550 கோடி ரூபாய் என்று செய்தி வந்தது. 2025 ஜூன் 25-இல் போய் ஜூலை 15-இல் திரும்பினார். நம் நாடே ஆள் அனுப்பப்போகிற ககன்யானுக்கு முன்னால் நம் ஆள் ஒருவருக்குக் கிடைத்த அனுபவம் என்று பார்த்தால் விலை அதிகம் இல்லை.

இளம் தொழில்முனைவோர், தூத்துக்குடி: குலசேகரப்பட்டினம் ஏவுதளம் வருகிறது, அக்னிகுல் ராக்கெட் கம்பெனி இருக்கிறது. நம் ஊரிலிருந்தும் ஒரு ஸ்பேஸ்எக்ஸ் வருமா?

ஆள் இருக்கிறது, இடமும் வருகிறது. ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த அக்னிகுல், ஒரே துண்டாக 3டி அச்சில் எடுத்த என்ஜினோடு 2024 மே 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டது. ஹைதராபாத்தின் ஸ்கைரூட் 2022 நவம்பரிலேயே விக்ரம்-எஸ் ராக்கெட்டை ஏவிவிட்டது. உங்கள் மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட், இலங்கை மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டியிருக்கிறது. பெரிய ராக்கெட் அந்த எரிபொருள் செலவைத் தாங்கும், சின்ன ராக்கெட்டுக்கு ஏற்றிச்செல்லும் எடையில் பெரும்பகுதி போய்விடும். குலசேகரப்பட்டினத்திலிருந்து நேரே தெற்கே கடல்தான்.

எனக்குக் குறையாகத் தெரிவது ஆர்டர். நம் அரசு 2019-இல் விண்வெளி வணிகத்துக்கு என்.எஸ்.ஐ.எல்., 2020-இல் தனியாருக்கு அனுமதி தர இன்ஸ்பேஸ், 2023-இல் விண்வெளிக் கொள்கை, 2024-இல் அந்நிய முதலீட்டுத் தளர்வு என்று கதவுகளை வரிசையாகத் திறந்தது. இஸ்ரோவின் சோதனைக்கூடங்களையும் பயன்படுத்தக் கொடுக்கிறார்கள். நல்லது. ஆனால் பெரிய பணம் போன இடத்தைப் பாருங்கள். ஐந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கட்ட, பொதுத்துறை விமானக் கம்பெனி எச்.ஏ.எல். – எல் அண்ட் டி கூட்டணிக்கு 860 கோடி ரூபாய். எஸ்.எஸ்.எல்.வி. என்ற சின்ன ராக்கெட்டின் தொழில்நுட்பத்தை 511 கோடிக்கு எச்.ஏ.எல். வாங்கியது. இரண்டுமே இஸ்ரோ வரைந்த ராக்கெட்டை வேறொருவர் கட்டுவது. 'இத்தனை கிலோவை இந்தப் பாதையில் கொண்டுபோய் விடு, எந்த ராக்கெட் என்பது உன் விருப்பம், வேலை முடிந்தால் பணம்' என்று புதுக் கம்பெனியிடம் சொல்கிற ஒப்பந்தம் அதில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அப்படி வாங்க நமக்குத் தெரியாமல் இல்லை. 4,700 கிலோ எடையுள்ள ஜிசாட்-20 தொலைத்தொடர்பு செயற்கைக்கோளை நம் ராக்கெட்டால் அதற்குரிய பாதைக்குத் தூக்க முடியாதென்று 2024 நவம்பரில் காசு கொடுத்து ஃபால்கன் 9-இல் ஏற்றினோம்.

கண்காணிப்புக்காக அரசு அனுமதித்த 52 செயற்கைக்கோள்களில் 31-ஐத் தனியார் செய்யப்போகிறார்கள் என்பது சரியான திசை. அவற்றை ஏவுவதில் ஒரு பங்கை நம் சின்ன ராக்கெட் கம்பெனிகளுக்கு இப்போதே ஒதுக்கி, படிப்படியாகப் பணம் கொடுத்து, முடியாதவர்களைக் கிஸ்லரை அனுப்பியது போல மரியாதையாக அனுப்பிவிட்டால், உங்கள் கேள்விக்கு ஆமாம் என்று எழுத எனக்குத் தயக்கமே இருக்காது.

வழக்கறிஞர், மதுரை: ஆயுள் முடிந்ததும் விண்வெளி நிலையத்தைக் கடலில் தள்ளும் வேலையும் ஸ்பேஸ்எக்ஸுக்குத்தானாமே?

ஆமாம், 2024 ஜூனில் 84.3 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தம். வழக்கறிஞர் என்பதால் ஒரு ஷரத்தைச் சொல்கிறேன், ரசிப்பீர்கள். நிலையத்தைத் தள்ளப்போகிற கலத்தைக் கட்டிக் கொடுப்பதோடு ஸ்பேஸ்எக்ஸின் வேலை முடிந்தது. அப்புறம் அது நாசாவின் சொத்து, நாசாவே ஓட்டும். நிலையத்தோடு சேர்ந்து எரிந்து கடலில் விழப்போகிற வண்டி, இரண்டாவது பயணமும் கிடையாது, வேறு வாடிக்கையாளரும் கிடையாது. அதை எந்தக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ளும்?